கொடி மடித்து வந்தவர்

என் வீட்டுக்காரர் மில் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். ராஜபாளையத்தில் நாங்கள் இருந்த மில் பக்கம் போய்ச் சங்கத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் இன்னொருவர் பெயரைத்தான் சொல்வார்கள். அந்தப் பெயர் மில் கேட்டுக்கு எதிரே கல்லில் வெட்டி இருக்கிறது. என் வீட்டுக்காரர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர் உயிரோடு இருந்தார். உயிரோடு இருக்கிறவருக்கு யார் கல் நடுகிறார்கள்?

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அந்தக் கல்லில் இருக்கிறதைப் படிக்க எனக்கு வெகுநேரம் ஆகும். ஆனாலும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நின்று படித்துவிட்டுத்தான் போவேன்.

கல்லில் பெயர் இருக்கிறவர் துணைச் செயலாளர். என் வீட்டுக்காரரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். என் வீட்டுக்காரர் ஸ்பின்னிங்கில் நூல் நூற்கிற மிஷின் பார்த்தார், அவர் பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங்கில். என்னை மதினி என்பார். கையெழுத்து வாங்க, பேச்சுவார்த்தை பற்றிக் கேட்க என்று எதற்காவது வீட்டுக்கு வந்தால் சாப்பிடாமல் போனதில்லை. "மில்லுல போனஸ் கொறைஞ்சாலும் மதினி வீட்டுக் கொழம்பு மட்டும் கொறையல" என்று சிரிப்பார். நல்ல மனுஷன்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை.

எங்கள் சங்கத்தில் கொடிக்கு ஒரு முறை உண்டு. காலையில் முதல் ஷிப்டு உள்ளே போகும்போது கொடி ஏறும். சாயங்காலம் சங்கு ஊதியதும் இறங்கும். ஏற்றுகிறது யாராக இருந்தாலும் சரி, இறக்குகிற கை செயலாளர் கை. வேறு ஆள் கயிற்றைத் தொட மாட்டான். இறக்கிய கொடியை நாலாக மடித்து இடது தோளில் போட்டுக்கொண்டு ஓடைக்கரைப் பாதை வழியாக வீட்டுக்கு நடந்து வருவார். எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அதற்கென்று ஓர் ஆணி. துண்டு போடாத தோளில் அந்தக் கொடியோடு அவர் தெருவுக்குள் திரும்பும்போது வாசலில் பேசிக்கொண்டிருக்கிற பெண்கள் காலை மடக்கி உட்காருவார்கள். அதைப் பார்க்க நான் தினமும் அந்த நேரத்துக்கு வாசலுக்கு வந்துவிடுவேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு பங்குனி. மில்லில் அப்போது பெரிய தகராறு. ஒரு காண்ட்ராக்டர் வெளியூர் ஆட்களைக் குறைந்த கூலிக்குக் கொண்டுவந்து உள்ளே விட்டான். சங்கம் அதை நிறுத்தியது. நிறுத்தியது யார் என்றால் என் வீட்டுக்காரர். கேட்டில் குறுக்கே படுத்தவர் அவர். அதை யாரும் இப்போது சொல்வதில்லை.

அந்தப் பங்குனி உத்திரத்துக்குத் திருவில்லிபுத்தூரில் ஆண்டாள் திருக்கல்யாணம் பார்க்க வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னை எந்தத் திருவிழாவுக்கும் கூட்டிப் போனதில்லை.

"கொடிய யாரு எறக்குவா?" என்றார் அவர்.

"கொடியும் சங்கமும்தான் பொண்டாட்டின்னா என்னைய எதுக்குக் கட்டுனீக?" என்றேன்.

துணைச் செயலாளர் அப்போது எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அண்ணே, ஒரு நாளு மதினியக் கூட்டிட்டுப் போங்க. கொடி என் தோள்ல ஒக்காந்தா முள்ளாவா குத்தும்?" என்றார். என் வீட்டுக்காரர், "நாலா மடிக்கணும்ல. சுருட்டிக் கொண்டாந்துராத" என்றார். அதுதான் அவர் சம்மதம்.

திருக்கல்யாணம் பார்த்தேன். கோவிலிலேயே தாலிக்கயிறு புதிதாக மாற்றிக்கொண்டேன். பால்கோவா வாங்கித் தந்தார். திரும்பி வந்து ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கூட்டம் கூட்டமாக ஆட்கள் நிற்கிறார்கள். ஓடைக்கரைப் பாதையில் துணைச் செயலாளரை வெட்டிப் போட்டுவிட்டார்கள் என்றார்கள். என் கழுத்தில் மஞ்சள் ஈரம் காயவில்லை. அன்றைக்கு ராத்திரி அவர் பெண்சாதி கழுத்தில் ஒன்றும் இல்லை. நான் முந்தானையை இழுத்து என் கழுத்தை மூடிக்கொண்டுதான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை.

கொலை செய்தவன் ஒருவன் அகப்பட்டான். ஆயுள் தண்டனை. காண்ட்ராக்டர் பேர் அடிபட்டது. ஆனால் கேஸ் முடிவதற்குள் அந்தக் காண்ட்ராக்டர் மஞ்சள் காமாலையில் செத்துப்போனான். அவ்வளவுதான் என்று இருந்தோம்.

ஊர் ஒரு கணக்குப் போட்டது. எதிரிக்கு யாரைக் கண்டு பயமோ அவரைத்தான் வெட்டுவான். துணைச் செயலாளரை வெட்டினான். ஆகையால் அவர்தான் பெரிய ஆள். கல் நட்டார்கள். வருஷா வருஷம் கல்லுக்கு மாலை போட்டுக் கூட்டம் போட்டார்கள். மேடையில் கைவைத்த நாற்காலியில் அவர் பெண்சாதியை உட்காரவைத்தார்கள். நான் கீழே ஜமுக்காளத்தில். அவளும் முதல் வருஷம் அழுதாள். பிறகு மைக்கில் பேசப் பழகிக்கொண்டாள். நன்றாகவே பேசினாள். "எங்க வீட்டுல அவிய அடிக்கடி சொல்லுவாக" என்று ஆரம்பிப்பாள். கைதட்டுவார்கள். என் வீட்டுக்காரரும் தட்டுவார். அவர் சொன்னதைத்தான் அவள் புருஷன் கேட்டுக்கொண்டு போய் அவளிடம் சொல்லியிருப்பார் என்று ஜமுக்காளத்தில் இருந்துகொண்டு நான் நினைப்பேன்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் ஊர் மாம்பழம், சப்பட்டை, பங்குனிக் கடைசியில் வர ஆரம்பிக்கும். வருஷத்தின் முதல் பழத்தைத் தேவதானம் பக்கம் ஒரு தோப்பில் போய் வாங்கிவந்து என் கையில் கொடுப்பது என் வீட்டுக்காரர் வழக்கம். அது ஒன்றுதான் அவர் எனக்கென்று செய்தது. கொலை நடந்ததற்கு அடுத்த வருஷம் முதல் பழம் அவள் வீட்டுக்குப் போனது. இரண்டாவதாக வந்த பழம்தான் எனக்கு. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. பக்கத்து வீட்டு அம்மாள் சும்மா இருப்பாளா?

"ஏட்டி, மொதப் பழம் அந்த வீட்டுக்காமே? ஒனக்குக் கொட்டையாவது மிஞ்சுச்சா?"

"எங்க வீட்டுல கூடை கூடையா வருது. ஒமக்கு வேணும்னா கேளும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. அவர் ஏன் என்று கேட்கவும் இல்லை. பழத்தோடு அந்த வீட்டுக்குப் போனால் வாசலோடு நின்று கொடுத்துவிட்டு வருகிறவர்தான். அவள் முகத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்க மாட்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். பார்த்துப் பேசிச் சிரித்துவிட்டு வந்தால் சண்டை போடலாம். தலையைக் குனிந்துகொண்டு வருகிற மனுஷனோடு என்ன சண்டை போடுவது?

தொண்ணூறு பிறந்த பிறகு, சட்டசபையில் யாரோ ஓர் உறுப்பினர் இந்தக் கொலையைக் கிளப்பினார். காண்ட்ராக்டருக்குப் பின்னால் பெரிய கை இருக்கிறது, விசாரிக்க வேண்டும் என்றார். உறுப்பினர்களை வைத்தே ஒரு குழு போட்டார்கள். குழு திருவில்லிபுத்தூருக்கு வந்து ஒரு சர்க்கார் பங்களாவில் உட்காரும், ஜெயிலில் இருக்கிற கொலைகாரனையே கூட்டிவந்து வாய்மொழி கேட்கும் என்று பேச்சு. என் வீட்டுக்காரருக்கும் அவளுக்கும் வரச்சொல்லித் தபால் வந்தது. எனக்கு வரவில்லை. வராவிட்டால் என்ன, நானும் போனேன்.

பஸ்ஸில் ஒரு இடம்தான் காலி. கண்டக்டர் அவளை அடையாளம் கண்டு, "அக்கா, நீங்க ஒக்காருங்க" என்றான். அவள் என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க ஒக்காருங்க. எனக்கு நின்னு பழக்கம்" என்றாள்.

"எனக்கு மட்டும் என்ன மேடையில ஒக்காந்தா பழக்கம்?" என்றேன்.

அவள் உட்கார்ந்துகொண்டாள். நான் திருவில்லிபுத்தூர் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பங்களா ஹாலில் நீள மேஜை. வெள்ளைத் துண்டு விரித்த நாற்காலிகளில் உறுப்பினர்கள். நடுவில் இருந்த தலைவர் வயதானவர், வேறு ஜில்லாக்காரர். அவருக்குப் பக்கத்தில் ஒரு இளவட்ட உறுப்பினர், கோபத்தோடே வந்தவர் மாதிரி இருந்தார். எங்களைப் பின்னால் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அவள் என் இந்தப் பக்கம், என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம். நடுவில் நான்தான் உட்கார்ந்தேன்.

கொலைகாரனைப் போலீஸ்காரர்கள் கூட்டிவந்தார்கள். கிடா மீசையும் சிவந்த கண்ணுமாக ஒருவனை நான் மனதில் வைத்திருந்தேன். வந்தவன் ஒடிசலான ஆள். முன்னந்தலை வழுக்கை. ஜெயிலில் நெசவுக்கு விட்டிருந்தார்களாம். விரல் நுனியெல்லாம் சாயம். உட்காரச் சொன்னார்கள். "நின்னே சொல்லுதேன்யா" என்றான்.

இளவட்ட உறுப்பினர்தான் ஆரம்பித்தார். "காண்ட்ராக்டருக்கு யார் சொன்னது? பின்னால இருந்தது யாரு? பயப்படாமச் சொல்லு."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுய்யா. காண்ட்ராக்டர் கூப்பிட்டு விட்டாரு. போனேன். அவரு சொன்னாரு. செஞ்சேன்."

"வேற யாரு அங்க இருந்தா?"

"அவரு வீட்டு நாயி இருந்துச்சு."

யாரோ சிரித்துவிட்டார்கள். உறுப்பினர் முகம் சிவந்துவிட்டது. எத்தனை விதமாகக் கேட்டும் அவன் அதையேதான் சொன்னான். அவருக்கு வேண்டிய பெயர் அவனிடம் இல்லை. கடைசியில் தலைவர் அவரைக் கையமர்த்திவிட்டுத் தாமே கேட்டார்.

"துணைச் செயலாளர் மேல ஒனக்கு என்ன பகை?"

"ஒரு பகையும் இல்லய்யா. அவருக்காகவும் நான் வரல."

"அப்ப யாருக்காக வந்த?"

"செயலாளருக்காக."

தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு விவரமாகச் சொல்லச் சொன்னார்.

"எனக்கு ஆளைத் தெரியாதுய்யா. நான் கிழக்கே கரிசக்காட்டு ஆளு. அடையாளம் சொல்லி விட்டாக. சாயங்காலம் சங்கு ஊதுனதும் கொடிய எறக்குவாரு. மடிச்சு எடது தோள்ல போட்டுக்கிட்டு ஓடைக்கரை வழியா வருவாரு. கொடிய செயலாளரத் தவிர வேற யாரும் தொடமாட்டாக, ஆளு மாறவே மாறாதுன்னு சொன்னாக."

இதை நான் மறைக்காமல் எழுதுகிறேன். அந்த நேரம் எனக்குத் துக்கம் வரவில்லை, பயமும் வரவில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முந்தானையைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டேன். கேட்டுக்கொள்ளுங்கள் எல்லோரும், அருவாள் தேடி வந்தது என் வீட்டுக்காரரை. காண்ட்ராக்டருக்குப் பயம் அவரைக் கண்டு. அந்தக் கல், அந்த மாலை, அந்தக் கைவைத்த நாற்காலி எல்லாம் வீடு மாறிப் போன பண்டம். இத்தனை வருஷமும் எனக்குத் தெரிந்ததை இன்றைக்குச் சட்டசபைக்காரர்கள் முன்னால், வெட்டினவன் வாயாலேயே சொல்லவைத்தாள் ஆண்டாள். நான் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் விடவில்லை. "அப்ப ஆளு மாறிப்போச்சுன்னு ஒனக்கு எப்பத் தெரிஞ்சுது? வெட்டுன பொறகா?"

"இல்லய்யா. முன்னாலயே சந்தேகம் வந்துச்சு. செயலாளருக்கு நாப்பது தாண்டியிருக்கும்னாக. வந்தவரு சின்ன வயசு. கொடி இருந்துச்சு, தோள்ல இருந்துச்சு, மூஞ்சி மட்டும் எளசா இருந்துச்சு. அதான் மறிச்சுக் கேட்டேன்."

"என்ன கேட்ட?"

"செயலாளர் நீதானான்னு கேட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

அவன் தண்ணீர் கேட்டான். ஒரு போலீஸ்காரர் செம்பில் கொடுத்தார். குடித்துவிட்டு வாயைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

"ஆமா, இன்னைக்கு நான்தான்னாரு."

"ஒன் கையில அருவா இருந்ததை அவர் பார்க்கலையா?"

"பாத்துட்டுத்தான்யா சொன்னாரு. மறைச்சு வைக்கல நான். நல்ல வெளிச்சம். இல்ல, நான் அவரு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டுருப்பேன். ஓடவும் எடம் இருந்துச்சு. ஓடல. கொடியக் கீழ போடவும் இல்ல."

"இதைக் கோர்ட்டுல ஏன் சொல்லல?"

"நான் வெட்டவே இல்லன்னு சொல்லச் சொன்னாரு வக்கீலு. வெட்டாதவன் இத எப்படிய்யா சொல்றது?"

நிமிர்ந்து உட்கார்ந்த நான் அப்படியே இருந்தேன். சாய முடியவில்லை. கையில் வைத்த பண்டத்தை மூடிப் பிடிப்பதற்குள் வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர்தான் பெரியவர் என்று சொன்ன அதே வாய், அதே மூச்சில், அவள் புருஷனை நான் எட்ட முடியாத இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டது. அதற்கு முன்னால் கல்லில் இருந்தது பெயர் மட்டும்தான். தட்டிக் கேட்க எனக்கு வாய் இருந்தது. இனிமேல் இல்லை.

அவள் அழவில்லை. என்னைத் தாண்டி எட்டி என் வீட்டுக்காரரைப் பார்த்து, "அண்ணே, ஒங்களுக்கு இது தெரியுமா?" என்றாள்.

அவர் முதன்முதலாக அவள் முகத்தைப் பார்த்தார். "கொடிய அடையாளம் வச்சுத்தான் வெட்டியிருப்பான்னு அன்னைக்கே தெரியும்மா. எனக்கு விழ வேண்டியதுன்னு தெரியும். தம்பி வாயத் தொறந்து நான்தான்னு சொன்னது இன்னைக்குத்தான் தெரியும்."

அன்றைக்கே தெரியுமாம். என்னிடம் சொல்லவில்லை. மாம்பழமும், குனிந்த தலையும் எதனால் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் ஆத்திரம் குறைந்ததா என்றால் இல்லை. ஒரே வீட்டில் ஒரே பாயில் படுத்துக்கொண்டு அதை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தார். திருக்கல்யாணத்துக்கு இழுத்துப் போனவள் நான் என்பதால் சொல்லவில்லை என்று பிறகு சொன்னார். நான் அதற்காகத் தலை குனியமாட்டேன். புருஷனைக் கோவிலுக்குக் கூப்பிட்டேன். அதனால் புருஷன் இருக்கிறார். எந்தப் பெண்ணும் கூப்பிடுவாள்.

திரும்பும்போது பஸ் காலியாக வந்தது. அவள் முன்னால் தனியாக உட்கார்ந்தாள். நாங்கள் பின்னால். மேற்கே மலையில் அய்யனார் கோவில் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்த எடத்துல நீங்க நின்னுருந்தா என்ன சொல்லியிருப்பீக?"

"நான்தான்னு சொல்லியிருப்பேன்."

"அப்ப நீங்களும் அவரும் ஒண்ணுதான?"

அவர் என்னைப் பார்த்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். "நான் செயலாளரு. நான்தான்னு நான் சொன்னா அது உள்ளதச் சொல்றது. அவன் இல்லாததச் சொல்லணும்ல. அது எம்புட்டுப் பெரிசு."

பிறகு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் முன் சீட்டில் அவள் கொண்டையையே பார்த்துக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரர் என்னைப் பற்றியோ தன்னைப் பற்றியோ ஒரு நாளும் பெரிசு என்று சொன்னதில்லை.

குழு என்ன எழுதிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியாது. பெரிய கை எதுவும் அகப்படவில்லை என்று பேசிக்கொண்டார்கள். அடுத்த கூட்டத்தில், அருவாள்காரன் சொன்னதை என் வீட்டுக்காரரே மேடையில் ஏறிச் சொன்னார். அப்படி ஒரு கைதட்டலை எங்கள் மில் கேட் கேட்டதில்லை. நான் தட்டவில்லை. ஜமுக்காளத்தின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் சப்பட்டை வர ஆரம்பித்ததும் அவர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேவதானத்துக்குக் கிளம்பத் தயாரானார். நான் முந்திக்கொண்டேன். முந்தின நாளே தனியாகப் பஸ் ஏறித் தோப்புக்குப் போய், மரத்தில் பழுத்ததாகப் பார்த்து நானே வாங்கி வந்துவிட்டேன். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் என் கையால் போகட்டும். அவர் கொடுத்தார் என்று இனி அவளுக்கு இருக்கக் கூடாது.

வீடு தேடிப் போய் வாசலில் நிற்காமல் உள்ளே போனேன். "மொதப் பழம்" என்று நீட்டினேன்.

"அண்ணே வரலியா?" என்றாள்.

"ஏன், நான் கொடுத்தா இனிக்காதா?"

அவள் சிரித்தாள். அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தாள். பழத்தை வாங்கி இரண்டு கன்னத்தையும் அரிந்தாள். இரண்டையும் ஒரு தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினாள். கொட்டையைத் தான் எடுத்துக்கொண்டாள்.

"நீ தின்னுடி. ஒனக்குத்தான் வாங்கிட்டு வந்தேன்."

"எனக்குக் கொட்டைதான்க்கா பிடிக்கும்" என்றாள்.

யாருக்காவது கொட்டை பிடிக்குமா? நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் நார் நாராக உறிஞ்சிக்கொண்டு, எங்கோ பார்த்துக்கொண்டு, சாறு முழங்கையில் வழிய உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்காமலே வருகிறது. நான் ஒரு வருஷமாக யோசித்து, பஸ் ஏறி, வெயிலில் நடந்து போய் வாங்கி வந்ததை, அவள் உட்கார்ந்த இடத்தில் ஒரு நொடியில் தாண்டிவிட்டாள்.

பழம் நல்ல இனிப்பு. இரண்டு கன்னத்தையும் நானே தின்றேன்.